அக்கா பையன்

சேவியர் அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை, நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. கடலூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க அலைந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

என் கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. வெட்கம்கெட்ட கதைதான். சொல்லிவிடுகிறேன்.

என் மகன் கவினுக்கு அப்போது ஐந்து வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சிதம்பரத்தில் மூன்று ஸ்கூல் ஏறி இறங்கியாகிவிட்டது. "பேச்சு வந்தப்புறம் கூட்டிட்டு வாங்க சார்" என்று காபி கொடுத்து அனுப்பிய ஸ்கூலும் உண்டு.

இதற்கெல்லாம் சென்னையில்தான் வழி என்று யாரோ சொன்னார்கள். மொபைல் சர்வீஸ் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பிவிடலாம் என்று இருந்தேன். போகுமுன் சர்டிபிகேட்டாவது வாங்கிவிடலாம் என்று கடலூர் போனேன்.

ஜெராக்ஸ் கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அண்ணன் சர்டிபிகேட் பாரத்தைப் பார்த்துவிட்டு, "யாரு பையன்?" என்றார்.

"எங்க அக்கா பையன்" என்றேன்.

எனக்கு அக்காவே கிடையாது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது.

அவரே பாரத்தை நிரப்பினார். "அப்பா போன் நம்பர் சொல்லுங்க" என்றார். கடகடவென்று என் நம்பரைச் சொன்னேன். தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

"அக்கா வீட்ல மெட்ராஸுக்கே போயிடலாம்னு இருக்காங்கண்ணே..."

"செத்த இருங்க" என்று தன் போனை எடுத்து யாருக்கோ அடித்தார். மங்கலம்பேட்டையில் ஒரு அம்மா. அவருடைய மகளுக்கும் இதே பிரச்சனை. "சிதம்பரத்துக்காரர் ஒருத்தர் நிக்கிறாரு, பேசும்மா" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளின் ரேஷன் கார்டைப் பிரதி எடுக்கப் போய்விட்டார்.

அந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "உங்க ஊர்லயே வட்டார வள மையம் இருக்குதுங்க. ஸ்பெஷல் டீச்சர் இருப்பாங்க. கேட்டா ஸ்கூலுக்கும் வந்து பேசுவாங்க. நீங்க எதுக்கு மெட்ராஸ் ஓடறீங்க?"

என் கடையிலிருந்து நடந்தே போகிற தூரம். அத்தனை நாளும் அந்த வழியாகத்தான் போய்வந்திருக்கிறேன்.

திரும்பும்போது பஸ் புதுச்சத்திரம் தாண்டியபிறகுதான் அந்த நம்பர் விஷயம் உறைத்தது. அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர் கவனித்திருப்பாரோ...

அடுத்த முறை போனபோது, "அக்கா பையன் எப்படி இருக்கான்?" என்றார். சாதாரணமாக. சிரிப்பு இல்லை, குத்தல் இல்லை. நானும் "நல்லா இருக்கான்ண்ணே" என்றேன். அதற்கப்புறம் எப்போது போனாலும் அதே கேள்வி, அதே பதில்.

ஒருநாள் கேட்டேன், உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருக்கிறார்களா என்று.

"இல்லப்பா. எனக்கு ஒரே பொண்ணு, பேங்க் பரீட்சைக்குப் படிக்குது. இங்க வர்றவங்க எல்லாம் ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க. பதில் தெரிஞ்சவங்களும் இங்கதான் நிக்கிறாங்க. ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னா நான் இன்னா பண்றது? போனப் போட்டுக் குடுக்கறேன்."

பிறகு என் நம்பரையும் மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். "நான் மாமாதானேண்ணே" என்று நழுவப் பார்த்தேன். "மாமா பேசுனா ஆகாதா?" என்றார்.

பெண்ணாடத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். எந்த ஆபீஸ், எந்தக் கிழமை என்று எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார். "நீங்க பையனுக்கு மாமா சார். பெத்தவன் படற பாடு உங்களுக்குத் தெரியாது" என்றார்.

எனக்கும் தெரியும் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

கவின் இப்போது வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறான். தண்ணி கேட்கிறான். டாட்டா காட்டுகிறான். இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் அவன் போட்டோ ஒன்றுகூட நான் போட்டதில்லை. சர்டிபிகேட்டுக்காக டாக்டர்கள் பார்க்கும் கடலூர் கேம்புக்குப் போனபோதுகூட அவனை அவன் அம்மாவோடு க்யூவில் நிறுத்திவிட்டு நான் மட்டும்தான் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

நேற்று அண்ணன் நம்பரிலிருந்து போன் வந்தது. அவர்தான் என்று நினைத்து எடுத்தேன். ஒரு பெண் குரல்.

"கவினோட அப்பாங்களா?"

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

"நான் சேவியரோட பொண்ணு பேசறேங்க. அப்பா போன்ல இருக்கறவங்களுக்கெல்லாம் சொல்லிட்டு வர்றேன். உங்க நம்பர 'கவின் அப்பா சிதம்பரம்'னு போட்டு வெச்சிருக்காரு... நீங்கதானுங்களே?"

"ஆமாம்மா" என்றேன். "அவன் அப்பாதான்."

இன்று மதியம் அடக்கம். கவினைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜெபப் பாட்டுத் தொடங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். முன்வரிசையில் தெரியாத முகங்கள் நிறைய இருந்தன. பெண்ணாடத்துக்காரர், மங்கலம்பேட்டை அம்மா எல்லாம் அதில் இருந்திருப்பார்கள்.

பெட்டி மூடுமுன் அவனைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனேன்.

அண்ணே, இவன் என் பையன். லேட்டாகத்தான் சொல்கிறேன்... மன்னிச்சிடுங்க.