வெறும் திரை

தாராவியில் பழைய கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கும் அவர் எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் இருப்பார். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் எதிரில் உள்ள திரையைத் துடைத்துக்கொண்டே பேசுவார்.

நின்றுபோன என் லினக்ஸ் லேப்டாப்பை ஓடவைத்துக் கொடுத்தார். ஆனால் நான் பழகியிருந்த சின்னமன் என்ற திரை முகப்பை எடுத்துவிட்டு, தனக்குப் பிடித்த க்னோம் என்ற வேறு முகப்பைப் போட்டிருந்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அடியில் இருந்த பட்டையில் மூன்றாவது படம் பில், அடுத்தது கணக்கு என்று இடத்தை வைத்தே என் பை தைக்கும் பட்டறையை நடத்தி வந்தேன். இப்போது திரை வெறுமையாக இருந்தது.

“பழையபடியே வச்சுத் தாங்களேன், அண்ணாச்சி.”

“அந்தக் குப்பையவா? என் கையால வைக்க மாட்டேன். இதுல பேரை அடிச்சா உடனே வரும். அடியும்வே.”

நான் கீபோர்டில் இருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

“தேக்கோ பாய், கைநாட்டு கேஸு!” என்று கடையில் இருந்தவர்களை என் பக்கம் பார்க்கச் சொன்னார். “உமக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடாவே?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“பில் படம் இங்கதான் இருந்துச்சு” என்று திரையின் அடி மூலையைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் துணியை எடுத்து, என் விரல் பட்ட இடத்தைத் துடைத்தார். குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல அவ்வளவு மெதுவாகத் துடைத்தார். என்னை அப்படிக் கேலி செய்தவருடைய கைதானா அது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.