கிணற்று மிஸ்ஸும் இரண்டாவது கார்டும்

காரைக்குடியில் ஞானபூரணி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கிணற்று மிஸ் வீடு என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, வயது நாற்பத்து மூன்று. யார் வீட்டுக் கிணற்றில் எது விழுந்தாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். பித்தளைக் குடம் எடுத்திருக்கிறாள், மோட்டார் குழாயின் வால்வு எடுத்திருக்கிறாள், ஒருமுறை கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் செல்போனைக்கூட எடுத்துக் கொடுத்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குதித்தால், மேலே நிற்பவர்கள் பேரைச் சொல்லிக் கத்துகிறவரை உள்ளேயே இருந்துவிட்டுப் பொருளோடுதான் தலையைத் தூக்குவாள்.

கரையிலும் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. சோற்றைக்கூட அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். கணவர் இமானுவேல் நேர்மாறு. தபால் ஆபீசில் வேலை. அவர் ஒரு இட்லியைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் இவள் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்துவிடுவாள். இப்படிப்பட்ட மனிதரைத்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால், தண்ணீருக்குள் மூச்சு விடக் கற்றுக்கொள்ளலாம் வாருங்கள் என்று பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதற்காகவே, நாற்பத்தைந்து வயது ஆளின் முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டி, தன் அம்மா வீட்டுக் கிணற்றில் நீச்சல் பழக்கினாள். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குகிற ஸ்கூபாவின் முதல் கார்டு இருவருக்கும் கிடைத்தது. பதினெட்டு மீட்டர்வரை இறங்கலாம். அதற்குப் பிறகு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் போய், ஐந்து முறை ஜோடியாக இறங்கியிருந்தார்கள். கடலுக்குள் தனியாகப் போகக் கூடாது என்பது சட்டம். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் அடுத்தவரின் சிலிண்டர்தான் உயிர்.

வாழ்க்கையில் எதற்கும் ஆசைப்பட்டுப் பழகாத இமானுவேல், இந்த வருடம் காலாண்டு விடுமுறைக்கு முன்னால் வாயைத் திறந்து ஒன்று கேட்டார்.

"பூரணி, அட்வான்ஸ்டு கார்டும் எடுத்துருவமா? அஞ்சே அஞ்சு டைவு. முப்பது மீட்டர் வரைக்கும் விடுவாக."

"முப்பது மீட்டர்ல என்னத்தக் கண்டீக? ஆசையா இருந்தா தலையில ஒரு கிரீடம் வச்சுக்கங்க" என்று எரிந்து விழுந்தாள். அவர் ஒன்றும் புரியாமல் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

மறுநாள் ஆசிரியர்கள் அறையிலும் அதே பேச்சுதான். இயற்பியல் ஆசிரியை ஹேமாவதி, சும்மா இருக்காமல், அந்தக் கார்டால் என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டாள். பூரணி நடந்துகொண்டே பொரிந்தாள். பொழுதுபோக்குக்கு இறங்குகிறவர்களுக்கு அது எதற்கு? மீனும் பவளமும் மேல் பதினைந்து மீட்டரிலேயே கிடக்கின்றன. கீழே போகப் போகச் சிவப்பு செத்துவிடும், எல்லாம் ஒரே நீலம். காற்றும் மடமடவென்று தீரும். பரீட்சை கிடையாது, ஐந்து தடவை முங்கி எழுந்தால் 'முன்னேறியவர்' என்று கையில் கார்டைக் கொடுத்துவிடுவார்கள். முதல் கோர்ஸில் நாலு, பிறகு ஐந்து, இதில் ஐந்து, ஆக மொத்தம் பதினாலு தடவை இறங்கினவர் முன்னேறியவர் என்றால் நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நேரே காலேஜுக்கு அனுப்பிவிடலாம்.

"அப்ப வேஸ்ட்டுங்கிறீக" என்றாள் ஹேமாவதி.

"சுத்த வேஸ்ட்டு."

அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. வருடக்கணக்காகக் கடலில் இறங்குகிறவர்களிலும் இதையே சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அவள் வேண்டாம் என்றதற்குக் காரணம் இது எதுவும் இல்லை.

காளையார்கோவில் பக்கத்தில் அவள் பிறந்த ஊரில், மாதா கோயில் பிள்ளைகள் கிணற்றில் மூச்சடக்கும் போட்டி வைப்பார்கள். கடிகாரத்துக்கு எங்கே போவது? முங்கியவர் மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' செபத்தைச் சொல்ல வேண்டும், எத்தனை சொல்லிவிட்டு எழுகிறாரோ அதுதான் கணக்கு. பையன்கள் மூன்று, நான்கில் மூச்சு முட்டி எழுவார்கள். பூரணி ஏழு சொல்லுவாள். அவளை யாரும் ஜெயித்ததில்லை. அந்தச் செபமும் அடக்கிய மூச்சும் அவள் உடம்பில் ஒன்றாகவே ஊறிப்போய்விட்டன.

ஸ்கூபாவில் முதல் பாடமே மூச்சை அடக்கக் கூடாது என்பதுதான். ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும். அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும். இதை வகுப்பில் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னதே பூரணிதான். முதல் கோர்ஸின் கடைசி நாள், எட்டு மீட்டரில், முன்னால் போனவரின் கால் பட்டு அவள் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. கண் தெரியவில்லை. பயத்தில் மனது தானாகவே செபத்தைத் தொடங்கியது, மூச்சு தானாகவே அடைத்துக்கொண்டது, கால் தரையை உதைத்தது. பயிற்சியாளர் அவள் காலைப் பிடித்து இழுத்து, வயிற்றில் ஒரு குத்து விட்டுத்தான் காற்றை வெளியேற்றினார். அன்றே முகமூடிக்குள் தண்ணீர் விட்டு வெளியேற்றும் பயிற்சியைத் திரும்பச் செய்யவைத்தார், நன்றாகவே செய்தாள். "உங்க சார்கிட்ட சொல்லிடுங்க மேடம், அவர் உங்களை நம்பித்தான் இறங்குவார்" என்று சொல்லிக் கார்டைக் கொடுத்தார். இமானுவேல் அன்று வேறு படகில் இருந்தார். அவரிடம் அவள் சொல்லவில்லை. கேன் கட்டி நீச்சல் பழக்கிவிட்ட ஆளிடம், எனக்குத்தான் தண்ணீரில் பயம் என்று எந்த வாயால் சொல்லுவது?

இமானுவேல் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "நீ வரலைன்னா நான் மட்டும் போயிட்டு வாரேன் பூரணி" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் மைதானத்தைச் சுற்றியவள் பிள்ளைகள் போன பிறகும் சுற்றினாள். பாத்திரம் விளக்கும்போது செல்போனை ஜன்னலில் சாத்திவைத்து, அந்தக் கார்டு தேவையா தேவையில்லையா என்று கண்டவர் பேசிய வீடியோவையெல்லாம் பார்த்தாள். ஒருவர் காசுக்குப் பிடித்த கேடு என்றார், ஒருவர் உயிரைக் காத்தது என்றார். முன்பின் தெரியாத ஆளை ஜோடி சேர்த்து அவரை முப்பது மீட்டருக்கு அனுப்புவதா? அல்லது தானே கூடப் போய், கீழே ஒரு ஆபத்தென்றால் அவரை விட்டுவிட்டு மேலே பாய்வதா? இரண்டும் ஆகாது. அவரிடம் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் நிற்பாள், "காப்பி போடவா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். ஒரே நாளில் ஆறு காப்பி குடித்தார் அந்த மனிதர்.

கடைசியில் பையில் அவளும் துணியை அடுக்கினாள். விழுப்புரம்வரை ரயிலில் கதவோரமே நின்றுகொண்டு வந்தாள்.

பாண்டிச்சேரியில் இந்த முறை பயிற்சியாளர் கிருத்திகா என்ற பெண். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். படகு கரையைவிட்டு வெகுதூரம் வந்ததும் இருவர் எதிரிலும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கார்டுக்காக மட்டும் வந்திருந்தா இந்தக் கோர்ஸ் வேஸ்ட்டு மேடம். அஞ்சு டைவும் நான் உங்களையே பார்த்துட்டிருப்பேன். அதுதான் இதுல இருக்கிற லாபம். எதைச் சரி பண்ணணும்னு நினைக்கிறீங்க, சொல்லுங்க."

இமானுவேல் யோசித்து, "எனக்குக் காத்து சீக்கிரம் தீருது" என்றார்.

பூரணி எழுந்து நின்றுவிட்டாள். "நான் மூச்ச அடக்கிருவேன்" என்றாள். "பயந்தா அடக்கிருவேன். எட்டு மீட்டர்ல அப்பிடியே மேல பாஞ்சேன். மொதக் கோர்ஸ்ல சொல்லிக்குடுத்த சார் காலப் பிடிக்கலைன்னா செத்துருப்பேன். இவுகளுக்குத் தெரியாது."

இமானுவேலின் முகம் கறுத்துப்போனது.

"அஞ்சு தடவ" என்றார். "அஞ்சு தடவ ஒன்னைய நம்பி எறங்கியிருக்கேன். எனக்கு ஒண்ணுன்னா நீ இருக்கன்னுதானே பூரணி இருந்தேன்."

இருபது வருடத்தில் அவர் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கிருத்திகா கறாராகச் சொல்லிவிட்டாள். மேடத்துக்கு ஆழம் இப்போது கிடையாது. நாளையிலிருந்து ஐந்து மீட்டரில் மண்டியிட்டு முகமூடியைக் கழற்றி மாட்ட வேண்டும், உடம்புக்குப் பழகுகிறவரை. கார்டு இந்த விடுமுறைக்குள் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். பூரணி பிள்ளை மாதிரித் தலையாட்டினாள். இமானுவேல் அவள் பக்கம் திரும்பாமலே பெல்ட்டையும் சிலிண்டரையும் மாட்டிக்கொண்டு, கிருத்திகாவோடு முப்பது மீட்டருக்கு இறங்கிவிட்டார்.

அவர் இறங்கி மறைந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவள் படகில் கிடந்தாள். இந்த ஓரத்தில் எட்டிப் பார்த்தாள், அந்த ஓரத்துக்கு ஓடினாள். குமிழி வந்தால் இருக்கிறார் என்று நினைத்தாள், அலையடித்துக் குமிழி மறைந்தால் அடுத்தது எங்கே என்று தேடினாள். கிணற்று மேட்டில் நின்றவர்களுக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது, பயமாக இருந்தது, அந்த மனிதர் மேலே வந்து தன்னைத் திட்டினால் போதும் என்று இருந்தது.

அரை மணி நேரம் கழித்து ஏறி வந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட எதிர்ப் பலகையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இளைப்பாறினார்.

"கீழ வெறும் மணலுதான்" என்றார் யாரையும் பார்க்காமல். "ஒரு பெரிய திருக்க மீனு போச்சு. ஒனக்குக் காட்டலாம்னு திரும்புனா, இந்தப் பிள்ள நிக்குது."

பூரணி அழுதுவிட்டாள். அவர் அதைக் கவனிக்காதவர் மாதிரி கிருத்திகாவிடம், "இவளுக்குப் பழக எத்தன நாளாகும்?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாது சார். ஒரு வாரம்கூட ஆகலாம். உங்களுக்கு இன்னும் நாலு டைவ்தான், நாளன்னிக்கு முடிஞ்சிடும், கார்டு வாங்கிட்டு நீங்க கிளம்பலாம்."

இமானுவேல் கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து போனை எடுத்தார். ஒன்றிரண்டு முறை முயன்ற பிறகு ஆபீஸ் கிடைத்தது.

"சார், இமானுவேல் பேசுறேன். இன்னும் ஒரு வாரம் லீவு வேணும் சார்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல சார். வீட்ல மூச்சு விடப் பழகுறாக. பக்கத்துல நான் இருக்கணும்."