தட்டில் விழுந்த பெரிய வளையம்

என் ஸ்கேல் பொய் சொல்லாது என்று பத்து வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். எழுபதுகளின் நடுவில், ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நோயாளியின் ரத்தத்தில் ஆன்டிபயாட்டிக் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. ஜென்டமைசின் என்று ஓர் ஊசி மருந்து உண்டு. அளவு குறைந்தால் கிருமி சாகாது. கூடினால் சிறுநீரகம் கெடும், காது போகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் மிகவும் குறுகல்.

அதை அளக்க எங்களுக்கு இருந்த வழி கிட்டத்தட்ட சமையல்தான். தீபாவளிக்கு வீட்டில் காய்ச்சுகிறோமே அகர் அகர் என்கிற கடல்பாசி, அதே சரக்கு. சீனி போடாமல் காய்ச்சி, ஆபத்தில்லாத ஒரு கிருமியைக் கலந்து தட்டில் ஊற்றுவோம். உறைந்ததும் சின்னச் சின்னக் குழி வெட்டி, ஒன்றில் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரும் மற்றவற்றில் அளவு தெரிந்த மருந்தும் விடுவோம். மறுநாள் காலையில் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து மங்கிப்போயிருக்கும். குழியைச் சுற்றி மட்டும் கிருமி செத்து, தெளிவாக ஒரு வளையம் விழுந்திருக்கும். வளையம் பெரிதானால் மருந்து அதிகம். நான் ஸ்கேலை வைத்து அளந்து எழுதிக் கொடுப்பேன். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு.

எண்பதுகளில் ஒரு நாள், கோலாலம்பூரிலிருந்து வந்த சீன விற்பனையாளர் ஒருவர் பெரிய பெட்டி மாதிரி இயந்திரம் ஒன்றை என் மேசையில் இறக்கினார். இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், இருபதே நிமிஷத்தில் மருந்தின் அளவு வந்துவிடும் என்றார். இன்ஸ்டன்ட் மீ நூடுல்ஸ் கூடவா வேக வைக்கும் என்று மலாயில் கேட்டேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார். நான்கு நாள் அதன்மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோருக்கு உள்ளே இருக்கும் ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பால்மரம் வெட்டுகிறவள். தலைப்பிரசவம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ரத்தத்தில் கிருமி ஏறி, காய்ச்சல் அனலாய் அடித்தது. குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். டாக்டர் ஜென்டமைசின் தொடங்கினார். அவள் ரத்தம் என்னிடம் வந்தது. மறுநாள் தட்டைத் திறந்தால் வளையம் இவ்வளவு பெரிது. மருந்து மிக அதிகம் என்று எழுதி அனுப்பினேன். காதுக்கும் சிறுநீரகத்துக்கும் பயந்து டாக்டர் மருந்தைக் குறைத்தார்.

காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி ரத்தம் வந்தது. மறுநாள் மறுபடியும் பெரிய வளையம். அன்று காலை டாக்டரே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார். சாந்தமான மலாய்க்காரர், குரலை உயர்த்தாதவர். அவளுடைய கிருமிக்கு இந்த மருந்துதான் கேட்கும், ஆனால் நீங்கள் சொல்கிற அளவைப் பார்த்தால் இன்னும் ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை, ஏற்றாவிட்டால் அவள் இந்த வாரம் தாண்டமாட்டாள் என்றார். சொல்லிவிட்டு என் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மீதமிருந்த தெளிநீரை எடுத்து, பெட்டியின் துணியை விலக்கினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பெண்ணுக்காக மட்டும் செய்யவில்லை. என் வளையம் சரி என்று அந்தப் பெட்டியின் வாயாலேயே சொல்ல வைக்கவேண்டும் என்ற வீம்பும் இருந்தது. இருபது நிமிஷம் இருவரும் அதன் முன்னாலேயே நின்றோம். பிறகு ரசீது மாதிரி ஒரு சீட்டு நீண்டு வந்தது. நான் எழுதிக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

பெட்டி பழுது என்றேன். அளவு தெரிந்த மருந்தை வைத்துச் சோதித்தேன். அச்சு அசலாகச் சரியான எண் வந்தது. அவளுடையதைத் திரும்ப வைத்தேன். முதலில் வந்த அதே எண்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் தட்டில் இருக்கிற கிருமிக்கு மருந்தின் பெயர் தெரியாது. எது கொன்றாலும் சாகும். அந்தப் பெட்டிக்குள் இருந்த திரவமோ ஜென்டமைசினை மட்டும் பிடித்துக்கொள்கிறது, மற்ற எதையும் தொடுவதில்லை. அப்படியானால் அந்த ரத்தத்தில் இன்னொரு மருந்து இருக்கிறது. நோயாளிக்கு வேறு ஆன்டிபயாட்டிக் உண்டா என்று கேட்கிற இடத்தில், 'இல்லை' என்று படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தது.

நண்பகல் பார்வையாளர் நேரம். டாக்டரிடம் சொல்லிவிட்டு நான் வார்டுக்குப் போனேன். அவள் புருஷன் கட்டிலோரம் உட்கார்ந்து, தூக்குச் சட்டியிலிருந்து பூண்டும் மிளகும் போட்ட பத்தியச் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தான். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை செய்கிறவன். தினமும் பஸ் ஏறி வந்துவிடுவானாம். பிள்ளை பெற்றவளுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஆகாது என்று நர்சுகளும் இந்தச் சோற்றைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் போனதும் அவன் ஓர் உருண்டையைச் சட்டென்று கைக்குள் மூடிக்கொண்டான்.

"கையில என்னா?" என்றேன்.

"சோறு மிஸ்ஸி."

"நான் நர்சு மிஸ்ஸி இல்ல. லேப்ல ரத்தம் பாக்கறவ. தொறங்க தம்பி."

திறந்தான். சோற்று உருண்டைக்குள் சிவப்பும் கறுப்புமாக ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஒன்று.

"யாரு குடுத்தா?"

"எங்க தோட்டத்து ஆஸ்பத்திரியில இருந்த பழைய டிரசருதான்க்கா. எங்க லயத்துக்கே அவருதான் டாக்டரு. இங்க வெறும் தண்ணிய ஏத்திக்கிட்டே இருக்காங்க, காச்ச வுடவே இல்ல. நான் வேற என்னா செய்யறது லா? மிஸ்ஸிகிட்டச் சொன்னா ஏசுவாங்கன்னு எம் பொஞ்சாதிகிட்டயும் வெளிய சொல்லாதன்னு சொல்லிட்டேன்."

கட்டிலில் கிடந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவன் விரலெல்லாம் சோறோடு அப்படியே நின்றான். நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான். காய்ச்சல் வந்தால் என் அப்பா முதலில் டிரசர் வீட்டுக்குத்தான் ஓடுவார்.

"அவளுக்கு இருக்கிற கிருமிக்கு இந்த மாத்திரை கேக்காது தம்பி. ஆனா என் கண்ணுக்கு இது நெறைய மருந்து இருக்கற மாதிரி காட்டிருச்சு. அதனால நல்ல மருந்தக் கொறச்சுட்டாங்க."

அவன் சட்டைப் பையிலிருந்து மீதி மாத்திரைகளை எடுத்து, காகிதப் பொட்டலத்தோடு என் கையில் வைத்தான்.

டாக்டர் உடனே மருந்தை ஏற்றினார். ஊசிக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டையும் நானே கையில் ஏந்திக்கொண்டு வந்து பெட்டியில் வைத்தேன். வெயில் தாழ்வதற்குள் எண் வந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று அது சொன்னது, கூட்டினார். மறுநாள் மதியத்துக்குள் அடுத்த எண். இந்தமுறை கிருமிக்குப் போதும், காதுக்கும் பயமில்லை என்கிற அந்தக் குறுகலான இடத்தில் வந்து நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷமும் நேற்றைய ரத்தத்தைப் பற்றித்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவள் உடம்புக்குள் இந்த நிமிஷம் ஓடுகிற மருந்தை, ஆயிரம் பொருள் கலந்த ரத்தத்தில் அது ஒன்றை மட்டும் தேடிப் பிடித்து, ஒரு பெட்டி சொல்கிறது. கோயிலில் திரை விலகும்போது நிற்கிற மாதிரி அதன் முன்னால் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கும்பிடவும் செய்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

சில வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்த அவளும் புருஷனும் குழந்தையைக் காட்ட ஆய்வுக்கூட வாசலுக்கு வந்தார்கள். அவள் எனக்கு முதுகைக் காட்டியபடி குழந்தைக்குத் தொப்பி கட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு மருந்தை ஏற்றச் சொன்னதில் அவள் காது கெட்டிருக்குமோ என்ற பயம் எனக்குள் இன்னும் போகவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, எனக்கே கேட்குமோ கேட்காதோ என்கிற குரலில் கூப்பிட்டேன்.

"தங்கச்சி."

சட்டென்று திரும்பினாள். "என்னாக்கா, கூப்டீங்களா?"

கூப்பிட்டேன்தான். அவள் புருஷனிடம் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதியை இப்போது அவளிடம் சொன்னேன். மாத்திரை மட்டும் காரணமில்லை, வளையத்தைப் பார்த்து மருந்து அதிகம் என்று எழுதியது நான், காய்ச்சல் இறங்காதபோதும் ஒருமுறைகூடச் சந்தேகப்படாமல் இரண்டாவது தடவையும் அதையே எழுதியது நான் என்றேன். புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"நீங்க சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதேக்கா. ஏன் சொல்றீங்க?"

"ஒனக்குக் காது கேக்குதில்ல, அதான்" என்றேன். அவள் குழந்தையை இறக்கி என் கையில் கொடுத்தாள்.