மங்களா எல்லாம் எறங்கு!

எங்கள் தெருமுனையில் மெட்ரோ வேலைக்காக நிறுத்தி வைத்திருக்கும் தகரத் தடுப்புகளுக்கு நேற்று ஒருவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். உச்சி வெயில். தின்னர் வாசனை குப்பென்று ஏறியது. மற்றவர்களெல்லாம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் ஏதோ மல்லிகைப் பந்தலுக்கு அடியில் நிற்பவனைப் போல இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன். பெயின்டர் தூரிகையை நிறுத்திவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இன்னா சார், ஒத்துக்கலயா?"

"ஒத்துக்குது. அதான் பிரச்சினை."

அரைக்கிழவன் ஒருவன் நடுரோட்டில் நின்று தின்னரை மோந்து பார்த்தால் அவர் என்ன நினைப்பாரோ, அதைத்தான் நினைத்தார். இரண்டடி தள்ளி வைத்துக்கொண்டார் டப்பாவை.

அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். அந்த வாசனை எனக்கு மங்களா டாக்கீஸின் பின்சந்து. மந்தைவெளி தாண்டி அடையாறு போகிற வழியில் இருந்த கொட்டகை. பேர் மட்டும்தான் மங்களா. உள்ளே போனால் மூட்டைப்பூச்சி, வெளியே வந்தால் வெயில். அதன் பின்சந்தில்தான் பேனர் எழுதுவார்கள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அதே துணியின் மேல் புதுமுகம். போன வாரத்துக் கதாநாயகனின் மீசை முழுசாக மறையாமல் நின்று, இந்த வாரத்துக் கதாநாயகியின் புருவத்துக்கு மேலே லேசாகத் தெரியும். நானும் அன்வரும் அந்தச் சந்தில் உட்கார்ந்துகொண்டு, இது யாருடைய மூக்கு, அது யாருடைய காது என்று பந்தயம் கட்டுவோம்.

அன்வர் என் வகுப்பு. அவனுடைய அத்தா மங்களாவில் சைக்கிள் ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அதனால் அன்வருக்கு டிக்கெட் கிடையாது. அன்வரின் சிநேகிதன் என்பதால் எனக்கும் கிடையாது. நான் வாழ்க்கையில் அனுபவித்த ஒரே அதிகார துஷ்பிரயோகம் அதுதான். பிற்பாடு பெரிய உத்தியோகங்களில் உட்கார்ந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இடைவேளைக்குப் பிறகு இருட்டில் தடவிக்கொண்டு போய் முதல் வரிசையில் அமர்ந்த எங்கள் மிடுக்கு அவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

கொட்டகை வாசலிலேயே பஸ் ஸ்டாப். அதற்குப் பேர் மங்களா. யாரும் வைத்த பேர் இல்லை. பஸ் நின்றது, எதிரே மங்களா இருந்தது, அவ்வளவுதான். இந்த ஊர் கண்டக்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, கவனித்திருப்பீர்கள். இறங்க வேண்டிய இடத்தைச் சொல்ல மாட்டார்கள்; இறங்க வேண்டிய ஆளையே அந்த இடமாக்கிவிடுவார்கள். "லஸ் எல்லாம் எறங்கு! யாரும்மா மந்தவெளி? குந்திக்கினே கீற, எறங்கு!" என்பார்கள். அப்படிப் பார்த்தால் பள்ளிக்கூடம், கல்லூரி, முதல் வேலை என்று வருஷக்கணக்காக என் பெயர் மங்களாதான். "யார்ரா அது படியில தொங்கறது? மங்களாவா? மேல ஏறுடா டேய்!"

என் அம்மா மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டாள். சினிமாக் கொட்டகை பேரை வாயால் சொல்வதா என்று ஒரு வைராக்கியம். கொட்டகை வருவதற்கு முன்னால் அங்கே ஒரு பெரிய புளியமரம் இருந்ததாம். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் அதுதான் ஸ்டாப். அதனால் கடைசிவரைக்கும் டிக்கெட் வாங்கும்போது, "புளியமரத்துக்கு ரெண்டு குடுங்கோ" என்பாள்.

"இன்னாம்மா புளியமரம்? இங்க ஏது புளியமரம்?"

"அதான்ப்பா, பிள்ளையார் கோவில் தாண்டினா வருமே. அங்கதான் எங்காத்துக்கு எறங்கிப் போவேன்."

"மங்களான்னு சொல்லேம்மா! மரத்தை வெட்டி, அதுல செஞ்ச பெஞ்சே ஒடஞ்சி போச்சி, இன்னும் புளியமரம்ன்றே!"

பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன், அம்மாவோடு வந்தவன் நான் இல்லை என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

மங்களாவை ஒருநாள் மூடினார்கள். கொஞ்ச காலம் உரமூட்டை அடுக்கினார்கள். பிறகு ஒரு மழைக்காலத்தில் இடித்தார்கள். ஆனால் ஸ்டாப்பை யாராலும் இடிக்க முடியவில்லை. மங்களாவில் ஒரு படமும் பார்த்திராத, மங்களா இடிந்தபோது பிறந்தே இராத கண்டக்டர்கள் கூட "மங்களா எல்லாம் எறங்கு" என்றுதான் கூவினார்கள். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் விலாசத்துக்குக் கீழே "பழைய மங்களா டாக்கீஸ் அருகில்" என்று போட்டார்கள். இல்லாத ஒன்றுக்கு அருகில் எப்படிப் போவது என்று ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் சரியாகப் பந்திக்கு வந்து சேர்ந்தார்கள்.

அப்புறம்தான் புது நிழற்குடை வந்தது. எஃகுக் கம்பி, உட்கார்ந்தால் வழுக்கும் பெஞ்சு, நெற்றியில் நீலப்பலகை. பஸ்ஸுக்குள்ளேயும் ஒரு பெண் குரல் வந்துவிட்டது, அடுத்த நிறுத்தம் இன்னது என்று தூய தமிழில். எங்கள் ஸ்டாப்புக்கு ஏதோ புதுப்பேர் வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என்ன பேர் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. அது ஒரு கொள்கை. நாலு பேர் கூடுகிற இடத்தில், "எங்க ஸ்டாப்புக்குப் புதுப்பேராமே, சத்தியமா எனக்கு இன்னிக்கி வரைக்கும் அது என்னன்னே தெரியாது சார்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களும் என்னை ஒரு தியாகியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அந்தப் பெண் குரல் எங்கள் ஸ்டாப்பைச் சொல்லும் நேரத்தில் வேண்டுமென்றே இருமுவேன்.

போன கோடையில் ஒரு முற்பகல். தி. நகரில் எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனின் மகள் கல்யாணம். நானும் அன்வரும் மங்களாவில் சந்தித்துப் போவதாக ஏற்பாடு. நாங்கள் எங்கே போவதானாலும் மங்களாவில்தான் சந்திப்போம். எனக்கு முன்பே வந்து நிழற்குடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், புதுச்சட்டை, அத்தர் வாசனை.

"மாப்பிள்ளை நீயாடா?" என்றேன்.

வழக்கமாக இதற்கு அச்சில் ஏற்ற முடியாத பதில் ஒன்று வரும். வரவில்லை.

"நெஞ்சு இன்னாவோ பண்ணுது மச்சி" என்றான்.

"காலைல என்ன சாப்பிட்ட? வடையா?" என்று கேட்டேன். என் மருத்துவ அறிவு அவ்வளவுதான். அவன் முகத்தைப் பார்த்தேன். புதுச்சட்டையின் காலர் முழுக்க ஈரம். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தான், வேறு யாருடைய கையையோ பிடித்திருப்பவனைப் போல. அப்படியே பெஞ்சில் சரிந்தான்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தார்கள். ஒரு பெண், பதற்றமில்லாத குரல்.

"எங்க சார் இருக்கீங்க?"

"மங்களா ஸ்டாப்."

"எந்த ஏரியா சார்?"

"மந்தைவெளி தாண்டி, அடையாறு போற ரோடு. சீக்கிரம் வாங்கம்மா."

"ஏரியா காட்டுது சார். மெட்ரோ வேலைக்கு ரோட்டை ரெண்டாப் பிரிச்சிருக்காங்க. தப்பான பக்கம் வந்துட்டா வண்டி சுத்திக்கிட்டுதான் வரணும். நீங்க எந்தப் பக்கம்? லேண்ட்மார்க் ஏதாவது சொல்லுங்க."

"மங்களா டாக்கீஸ் பக்கம்."

"அது மேப்புல வரல சார். இப்ப இருக்கா?"

"இல்ல, இடிச்சிட்டாங்க."

"சரி, வேற?"

"எதிர்ல போஸ்ட் ஆபீஸ்—" அது எப்போதோ வேறு தெருவுக்குப் போய்விட்டது. "பக்கத்துல ஒரு அயர்ன் கடை, அரசமரத்தடியில—" மரமும் இல்லை, கடையும் இல்லை. "ரோட்டுக்கு மேல நடைபாலம் இருக்கும் பாருங்க—" அதை மெட்ரோவுக்காகக் கழற்றியதை நானே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

மறுமுனையில் அந்தப் பெண் ஒரு விநாடி மூச்சை இழுத்துக்கொண்டாள். கோபமே இல்லாமல் சொன்னாள்:

"சார், இருக்கறதுல ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்."

எனக்கு முன்னால் ஆறு மாடி உயரத்துக்குக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் ஆளுயர எழுத்தில் பெயர் இருந்தது. பக்கத்தில் மருந்துக்கடை, அதற்குப் பக்கத்தில் செல்போன் கடை. இதையெல்லாம் நான் பிற்பாடு போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த நிமிஷத்தில் என் கண்ணுக்கு அவை ஒன்றுமே தெரியவில்லை. தினம் நான் வந்து நிற்கிற இடம் அது. அங்கே இல்லாதவை எல்லாம் எனக்குத் தெரிந்தன. இருந்தது ஒன்றுகூடத் தெரியவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு, ஊருக்குப் புதிதாக வந்து பர்ஸைத் தொலைத்தவனைப் போல விழித்துக்கொண்டு நின்றேன்.

கீழேயிருந்து அன்வரின் குரல், காற்றாக வந்தது.

"டேய்... மேல போர்டு கீதுடா. படிச்சித் தொலடா."

நிழற்குடைக்கு உள்ளே நின்றால் அந்தப் பலகை தெரியாது. ரோட்டில் இறங்கித் திரும்பிப் பார்க்க வேண்டும். இறங்கினேன். பின்னால் ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டு நின்றது, டிரைவர் என் பரம்பரையை விசாரித்தார். அண்ணாந்து பார்த்து, முதல் வகுப்புப் பிள்ளையைப் போல எழுத்துக் கூட்டிக் கத்தினேன்.

"மூன்றாவது பிரதான சாலை சந்திப்பு!"

"வந்துடுச்சி சார். கிழக்குப் பக்கம்னு காட்டுது. வண்டி கிளம்பியாச்சு. அவர் சட்டை பட்டனைத் தளர்த்துங்க. நடக்க விடாதீங்க."

அவ்வளவுதான். அத்தனை நாள் நான் இருமி இருமி மறைத்த பெயர். ஒரு சினிமா இல்லை, மரம் இல்லை, மனுஷன் இல்லை; வெறும் எண். அதைச் சொன்னதும் கதவு திறந்துகொண்டது.

நான் பட்டனைக் கழற்றியபோது அன்வர் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "மங்களாவச் சொல்லியே என்னைக் கொன்னுருப்பியேடா, பாவி." வண்டியில் ஏற்றும்போது இன்னொன்றும் சொன்னான்: "பந்தி போச்சே."

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. நான் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது.

அன்று முதல் அந்தப் பெயரை மனப்பாடம் செய்தேன். குளிக்கும்போது, காய் நறுக்கும்போது, வாசலில் செருப்பு மாட்டும்போது என்று வாய்ப்பாடு மாதிரி சொன்னேன். மூன்றாவது பிரதான சாலை சந்திப்பு, கிழக்குப் பக்கம். வீட்டிலும் எல்லோரையும் சொல்ல வைத்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

"நீங்கதானே அந்தப் பேரு நம்ம வீட்டு வாசப்படி ஏறக் கூடாதுன்னு ஆடினீங்க?" என்றாள் மனைவி.

"அது வேற ஆளு."

பஸ்ஸில் அந்தப் பெண் குரல் வரும்போது இப்போது இருமுவதில்லை. கூடவே உதடு அசைகிறது. பக்கத்து சீட்டுக்காரர்கள் ஏதோ ஸ்லோகம் சொல்கிறேன் என்று மரியாதையாக ஒதுங்கி உட்காருகிறார்கள்.

அன்வர் பிழைத்துக்கொண்டான். நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பினார்கள். "எங்கண்ணு முன்னாலயே இருங்க" என்று அவன் மகள் ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். குளிர் ஒத்துக்கவில்லை, பிரியாணியில் உப்பே இல்லை, பேசுவதற்கு ஆள் இல்லை என்று அடிக்கடி போனில் அழுவான்.

இன்று காலை நிழற்குடையில் பஸ்ஸுக்காக நின்றபோது கூப்பிட்டான்.

"எங்கடா கீறே?"

"மூன்றாவது பிரதான சாலை சந்திப்பு."



"அது எங்கடா கீது?"

சிரித்துவிட்டேன். "நீ நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு சாஞ்ச எடம்டா. உனக்கே தெரியலயா?"

"நான் அங்கல்லாம் சாயலடா. ஒழுங்கா ஸ்டாப் பேரச் சொல்லு."

சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

நாக்கு நுனியில் நிற்கிறது என்பார்களே, அப்படிக்கூட இல்லை. எங்குமே இல்லை. கண்ணை மூடினேன். கட்டடம் முழுசாக வந்தது, படிக்கட்டு வந்தது, டிக்கெட் கொடுக்கிற பொந்து வந்தது. வாசல் வளைவில் பேர் எழுதியிருந்த இடம் மட்டும் வெள்ளையடித்த சுவராக இருந்தது. மூன்றாவது, மூன்றாவது என்றே வாய் போயிற்று.

"லைன்ல கீறியாடா? இன்னாடா, பேச மாட்டேன்ற? ஒடம்புக்கு இன்னா? டேய்!" அன்வரின் குரல் பதறிக்கொண்டிருந்தது.

அடையாறு பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு, கிளம்பியும் போய்விட்டது. எனக்கு அப்போதும் அந்தப் பேர் வரவில்லை.