ஏட்டையா ருசி பார்த்த ஒயின்

போன ஞாயிறு, தென்காசியில் என் பக்கத்து வீட்டுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணின் அப்பா வந்தார். வழக்கமாக என்ன கொடுப்பார்கள்? கேசரி, மிக்சர், காபி. இங்கே ஒயின் கொடுத்தார்கள். அதுவும், அவரே கேட்டு வாங்கிக் குடித்தார்!

விஷயம் இதுதான். அந்த வீட்டு எஸ்தர் அக்காவின் மகன் ஜெபராஜ், ஆஸ்திரேலியாவுக்குக் கீழே டாஸ்மேனியா தீவில் ஒயின் தயாரிக்கிறான். படித்ததே அந்தப் படிப்புதான். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா வடகரைக்காரர், ரிட்டயர்டு ஏட்டு. அவர்தான் முட்டுக்கட்டை.

"எங்க அக்கா வாழ்க்கை ஒரு குடிகாரன்ட்ட மாட்டி நாசமாப் போச்சு. எம் மகளை அப்படித் தள்ள மாட்டேன். அவன் செய்யுத சரக்கை நான் முதல்ல பாக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நியாயமான பயம்தானே?

ஜெபராஜ் தன் கையால் செய்த பினோ நுவார் இரண்டு பாட்டில் கொண்டு வந்திருந்தான். சிவப்பு ஒயின். குளிர் ஊரில் திராட்சை ஆற அமரப் பழுக்குமாம். புளிப்பு குறையாது, இனிப்பு துளிகூட மிஞ்சாது... அதுதான் அதன் பெருமையாம். நமக்கு இது பிடிபடுமா? நம் ஊரில் ஒரு பானம் நன்றாக இருக்கிறது என்றால் இனிக்கிறது என்று அர்த்தம். எஸ்தர் அக்கா கிறிஸ்துமஸுக்குப் போடும் ஒயின்கூட பாயசத்துக்குத் தம்பி மாதிரிதான் இருக்கும்.

ஏட்டையா வருவதற்குச் சற்று முன் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். ஒரு பாட்டிலைத் திறந்து ருசி பார்த்திருக்கிறார். முகம் செத்துப்போயிருந்தது.

"ஏ தம்பி, பிளேன்ல வரும்போது கெட்டுப் போச்சு போல. புளியங்காய் கணக்கா இருக்கு. இதைக் குடிச்சா, எம் பிள்ளைக்கு வேலையே தெரியலன்னுல்லா சொல்லுவாரு!"

நான் பதில் சொல்வதற்குள் சீனிப்பாகு பாட்டிலுக்குள் போய்விட்டது. "வாயைத் திறக்கப்படாது, கேட்டியா?" என்றார். எனக்கு எதற்கு வம்பு?

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார் ஏட்டையா. ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய்... கிளாஸ் காலி.

"நல்லாருக்கே! இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அக்கா என்னைப் பார்த்து ஜெயித்த சிரிப்பு சிரித்தார். ஆனால் இரண்டாவது கிளாஸை வாங்கிய ஏட்டையா குடிக்கவில்லை. டீப்பாயில் வைத்துவிட்டார்.

"இது சரிப்படாது தங்கச்சி. ஆயுசுல தொடாத நானே இன்னொரு கிளாஸ் கேக்குதேன். பொழுதன்னிக்கும் இதுக்குள்ளயே கிடக்க பையன் எப்படிச் சும்மா இருப்பான்? மன்னிச்சிக்கிடுங்க" என்று எழுந்துவிட்டார்.

ஜெபராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தான். அம்மாவைப் பார்த்தான். அவன் கேட்பதற்குள் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணாச்சி, போயிராதிய! எம் பிள்ளை செஞ்சது இது இல்ல. நான்தான் பாவி, சீனியைக் கலந்துட்டேன்!"

ஜெபராஜ் அடுத்த பாட்டிலைத் திறந்து ஊற்றினான். ஏட்டையா நின்றபடியே ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. ஓடிப்போய் ஜன்னலுக்கு வெளியே துப்பினார்.

"சே! இதையா காசு கொடுத்து வாங்குதானுவ?"

"ஆமா மாமா. அங்கன இதுக்குத்தான் மவுசு."

"நீ தினமும் இதைத்தான் குடிக்கியா?"

"வேலை நேரத்துல குடிக்க மாட்டோம் மாமா. வாயில வச்சு ருசி பாத்துட்டுத் துப்பிருவோம்."

"பின்னே? துப்பத்தானேலே முடியும்!"

ஏட்டையா மறுபடி உட்கார்ந்தார். கேசரித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதைக் குடிச்சு ஒருத்தனும் குடிகாரன் ஆவ முடியாது. தேதியைப் பாருங்க தங்கச்சி."

தன் ஒரு வருஷ உழைப்பை ஜன்னல் வழியே துப்பியவரைப் பார்த்து இப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்த ஒயின்காரன் உலகத்தில் வேறு யாராவது இருப்பானா என்ன!