மாப்பிள்ளை அழித்த அம்பு

புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் அம்புகளையும் கொண்ட ‘குவிவர்’ என்ற அமைப்புகள்தான் என் கணித ஆராய்ச்சி. இணுவிலில் எங்கள் வீட்டு விறாந்தையிலேயே கரும்பலகை வைத்திருக்கிறேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை அதன் முன்னால் போய் நின்றார்.

“கலியாணத்துக்குப் பிறகு உதுகள் எதுக்கு?” என்று சிரித்தபடி விரலால் ஓர் அம்பை அழித்தார்.

அந்த அமைப்பைப் பிரிக்கவே முடியாது என்று அன்று காலைதான் நிறுவியிருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

“உந்த ஒரு அம்பாலைதான் ரண்டு பக்கமும் சேர்ந்து நிண்டது. இப்ப ரண்டாய்ப் பிரிஞ்சு போச்சு.”

“அதுக்கென்ன? திரும்பக் கீறலாம்தானே!”

“ஓம், நான் கீறுவன். நீங்கள் போகலாம்.”

அப்பா எழுந்துபோய் வாசல் படலையைத் திறந்துவிட்டார்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வெண்கட்டி உடைந்தாலும் பரவாயில்லை என்று ஒவ்வோர் அம்பையும் அழுத்தித்தான் கீறுகிறேன்.