ஃபோர்த்துனா அக்கா பேசாத வீடு

இஸ்ரேலின் நெத்தான்யா சந்தையில் மீன் விற்கும் ஃபோர்த்துனா அக்கா வாயைத் திறந்தால், கடலில் மிச்சமிருக்கிற மீனெல்லாம் சைப்ரஸுக்கு ஓடிவிடும். பக்கத்துக் கடை வெங்காய வியாபாரியான எனக்குப் பாதிக் காது அதிலேயே போய்விட்டது.

"டேய் வெங்காயம்! உன் மூஞ்சியப் பாத்தா உரிக்கறதுக்கு முன்னாடியே கண்ணுல தண்ணி வருதுடா!" என்பாள். எனக்கு அதுதான் காலை வணக்கம்.

அவள் புருஷன் ஹ்முஸ் அண்ணன் செதில் சுரண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். பதில் வராது. கல்யாணத்தன்று பேசியதோடு சரி என்று சந்தையே சிரிக்கும்.

போன மழைக்காலத்தில், மீன் பெட்டியைத் தூக்கியவர் அப்படியே சரிந்தார். அன்றைக்கே புதைத்துவிட்டு வந்தோம்.

எங்கள் யூத வழக்கப்படி ஏழு நாள் துக்கத்தில் யாரும் வணக்கம் சொல்லக்கூடாது. துக்கத்தில் இருப்பவர் பேசும்வரை வந்தவர் வாய் திறக்கக்கூடாது. மற்ற வீடுகளில் இது ஒரு நிமிஷத் தொல்லை. ஃபோர்த்துனா வீட்டுக்கோ காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் போகவேண்டும் என்று நினைத்தேன்.

அவள் துக்கத்துக்காகக் கழுத்துப்பட்டி கிழித்த சட்டையோடு, குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. ஊரிலுள்ள வாயாடிகள் அத்தனை பேரும் சுவரோரம் ஊமையாய் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி ஜமீலா கொண்டுபோன அவித்த முட்டை தொடாமல் கிடந்தது. மறுநாளும் அப்படியே.

"அவ பட்டினி கெடந்தே போயிருவாய்யா. ஏதாச்சும் சொல்லிச் சிரிக்க வையேன். ஊரையே சிரிக்க வைக்கிற வாய்தானே?" என்றாள் ஜமீலா.

"அவ ஆரம்பிக்காம நான் எப்படிடி பேசறது?"

மசாலாக்கடை சாஸோன் வந்தான். பழக்கதோஷம், வாசலிலேயே "ஷலோம், ஃபோர்த்துனா!" என்று வணக்கம் முழங்கினான். அறையே அவனை முறைத்தது. சொன்னதை விழுங்கப் பார்ப்பவன் போல வாயைப் பொத்திக்கொண்டான். வேறு நாளாயிருந்தால் அவனை உப்புத் தடவிக் காயப்போட்டிருப்பாள். அன்று தலையைக்கூடத் தூக்கவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் அவள் குரல் வந்தது.

"டேய் வெங்காயம்."

"சொல்லுங்கக்கா!" என்று பாய்ந்தேன்.

"ஹ்முஸ் பேசமாட்டான்னு சிரிப்பீங்களே. கடை மூடினப்புறம், அன்னிக்கு நான் யார் யாரைத் திட்டினேன்னு ஒண்ணுவிடாமச் சொல்லுவான்டா. 'சாஸோன் மனசு நொந்துட்டான், நாளைக்கு நல்லதா ஒரு மீன் குடு'ம்பான். அவன் இருக்கற தைரியத்துலதான் கத்தினேன். இனிமே நான் யார நம்பிடா வாயைத் திறக்கறது?"

முக்காலியை எங்கள் பக்கம் இழுத்துப்போட்டாள்.

"பேசுங்கடா, யாராவது."

பேசலாம், அனுமதி கிடைத்துவிட்டது. உள்ளே ஒரு லாரி கேலி சேர்த்து வைத்திருந்தேன். தேடினேன், அத்தனையும் அழுகிப்போயிருந்தது. சாஸோன் தரையைப் பார்த்தான். அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "சீயோனுக்காக அழுகிறவர்களோடு உன்னையும் ஆண்டவர் தேற்றட்டும்" என்று வழக்கமான ஆறுதல் வார்த்தையை முணுமுணுத்துவிட்டு வெளியேறினோம்.

மறுநாள் காலை, துக்கம் முடிக்கும் வழக்கப்படி அவளை எழுப்பித் தெருவைச் சுற்றி நடத்திக் கூட்டிவந்தோம். இப்போது கடை திறக்கிறாள். விலை கேட்டால் விரலைக் காட்டுகிறாள். ஏதோ கொறிக்கிறாள்.

சாயங்காலம் கடை மூடியதும் வெங்காயப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்கிறேன், ஹ்முஸ் அண்ணனைப் போலக் கேட்பதற்கு. அவள் இன்னும் ஆரம்பிக்கவில்லை.